சாலையில் போனீர்கள், வரைபடம் ஆற்றில் காட்டுகிறது: ஜிபிஎஸ் வழித்தடம் தப்பாகத் தெரிவது ஏன்? சரிசெய்வது எப்படி?

கெப்பாலா பத்தாஸிலிருந்து காலையில் சைக்கிளில் கிளம்புகிறீர்கள். சுங்கை மூடா ஆற்றைத் தாண்டி, கெடாவில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு வரை போய் வருகிறீர்கள். போன வழி முழுவதையும் கைப்பேசி பதிவு செய்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால், கோடு சாலையை விட்டு விலகி நெல்வயலுக்குள் ஓடுகிறது. ஓரிடத்தில் பாலத்தை விட்டுவிட்டு ஆற்றுக்குள் இறங்குகிறது. சில சமயம் திரையில் ஒன்றுமே இல்லை.

"ஜிபிஎஸ் சரியில்லப்பா" என்று சொல்லிக் கோப்பை அழித்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பல சமயங்களில் பதிவு நன்றாகவே இருக்கும். அதை வரைபடத்தில் காட்டும் விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டத்துக்கு இது பெரிய விஷயம் இல்லைதான். ஆனால், காட்டில் வழி தவறியவரைத் தேடும்போது நிலைமை வேறு. ரப்பர் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது, பழைய கோயிலும் இடுகாடும் லயமும் எங்கே இருந்தன என்று இளையோர் குறித்து வைக்கும்போதும் அப்படித்தான். அங்கே நூறு மீட்டர் தள்ளிப் போனால் அது வேறொருவர் நிலம்.

கோட்டின் கோளாறு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

வழித்தடக் கோப்புக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலான செயலிகள் வழித்தடத்தை ஜிபிஎக்ஸ் என்ற வடிவில் சேமிக்கின்றன. 2002-இல் வந்த இந்த வடிவத்தின் 1.1 பதிப்பு 2004-இல் வெளியானது. இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

இதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே திறந்து படிக்கலாம். உள்ளே வரைபடமும் இல்லை, கோடும் இல்லை. வெறும் புள்ளிகளின் பட்டியல்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். பெரும்பாலும் உயரமும் நேரமும் சேர்ந்து இருக்கும். அவ்வளவுதான்.

அந்தப் புள்ளிகளை இணைத்துக் கோடு போடுவதும், அதற்கு அடியில் ஒரு வரைபடத்தை விரிப்பதும் மென்பொருளின் வேலை. ஆக, கோளாறு மூன்று இடங்களில் வரலாம்: பதிவு செய்த கருவியில், கோப்பில், அல்லது அடியில் இருக்கும் வரைபடத்தில்.

எதைத் திருத்துவதற்கு முன்பும் மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்துத் தனியாக வையுங்கள். திருத்தங்கள் எல்லாம் பிரதியில்தான். கோட்டைச் 'சரிசெய்து' மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டால், அசல் பதிவு திரும்ப வராது.

திரையில் ஒன்றுமே தெரியவில்லையா?

கெப்பாலா பத்தாஸ் ஏறக்குறைய வட அட்சரேகை 5.52, கிழக்குத் தீர்க்கரேகை 100.43-இல் இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் இடம் மாறிப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

ஜிபிஎக்ஸ் கோப்பில் எது அட்சரேகை, எது தீர்க்கரேகை என்று பெயர் போட்டே எழுதியிருக்கும். அதனால் அங்கே குழப்பம் இல்லை. ஆனால் கேஎம்எல், ஜியோஜேசன் ஆகிய வடிவங்களில் தீர்க்கரேகை முதலில் வரும். எக்செல் அட்டவணையிலிருந்து மாற்றும்போது யார் எந்த வரிசையில் எழுதினார்களோ தெரியாது.

சென்னைக்காரர் ஒருவரின் தடத்தில் 13.08, 80.27 என்ற எண்கள் இடம் மாறினால், கோடு வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே கடலில் போய் நிற்கும். தப்பு உடனே கண்ணில் படும். மலேசியாவில் அப்படி நடக்காது. நம் தீர்க்கரேகை 90-ஐத் தாண்டியது. அட்சரேகையோ 90-க்கு மேல் போகவே முடியாது. அதனால் 100.43 என்ற 'அட்சரேகை'யை மென்பொருள் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். பிழைச் செய்தி காட்டினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் தடம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இன்னொரு வகையும் உண்டு. உலகம் முழுவதும் திரையில் தெரிகிறது, உங்கள் பயணம் ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கிக் கிடக்கிறது, அதிலிருந்து ஒரு நீளக்கோடு ஆப்பிரிக்கா பக்கம் ஓடுகிறது. அப்படியானால் கோப்பில் எங்கேயோ 0, 0 என்ற புள்ளி இருக்கிறது. கருவிக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காதபோது வெற்றிடத்துக்குப் பதிலாகச் சுழியம் எழுதப்பட்டிருக்கலாம். கினி வளைகுடாக் கடலில் இருக்கும் அந்த இடத்துக்கு வரைபடக்காரர்கள் 'நல் தீவு' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே தீவு எதுவும் இல்லை. பிரதியில் அந்த ஒரு புள்ளியை நீக்கினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

பாயான் லெப்பாஸில் போய் நிற்கிறதா?

தடம் தெரிகிறது, ஆனால் வேற ஊரில் தெரிகிறது என்றால், பாகையும் கலையும் குழம்பியிருக்கலாம். ஒரு பாகைக்கு 60 கலைகள். கெப்பாலா பத்தாஸ் 5 பாகை 31 கலை வடக்கு, 100 பாகை 26 கலை கிழக்கு. இதை யாராவது 5.31, 100.26 என்று தட்டச்சு செய்துவிட்டால் என்ன ஆகும்?

31 கலை என்பது 0.31 பாகை இல்லை. 31-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது 0.52. இந்தச் சின்ன வித்தியாசத்தால் உங்கள் புள்ளி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தாண்டிப் பினாங்குத் தீவின் தெற்கே, பாயான் லெப்பாஸ் பக்கம் போய் விழும்.

பார்த்ததும் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் எந்த இடத்திலும் 59-ஐத் தாண்டவில்லை என்றால், அது கலைக் கணக்கு என்று சந்தேகப்படுங்கள்.

முழுக் கோடும் ஒரே பக்கம் தள்ளியிருக்கிறதா?

இதுதான் பலரைக் குழப்புவது. கோடு அழகாக இருக்கிறது, வளைவுகள் எல்லாம் சாலையைப் போலவே இருக்கின்றன. ஆனால் மொத்தமாக எடுத்து நகர்த்தி வைத்ததுபோல் ஒரே திசையில், ஒரே அளவில் தள்ளிக் கிடக்கிறது. இது சமிக்ஞைக் கோளாறு இல்லை. சமிக்ஞை கெட்டால் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது.

காரணம், அடிப்படை அளவை. பூமி சரியான உருண்டை இல்லை. அதன் வடிவம் என்ன, எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்று முதலில் ஒரு கணக்கை ஒப்புக்கொண்டால்தான் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் அர்த்தம் வரும். ஜிபிஎஸ் பயன்படுத்தும் கணக்கு டபிள்யூஜிஎஸ் 84. தீபகற்ப மலேசியாவின் பழைய நிலப்பட வரைபடங்கள் பயன்படுத்தியது கெர்தாவ் அளவை. பஹாங்கில் உள்ள கெர்தாவ் நிலையத்தின் பெயரால் அது அறியப்படுகிறது.

கெர்தாவ் அளவைக்கு அடியில் இருக்கும் பூமி வடிவத்தின் பெயர் எவரெஸ்ட் 1830. மலாயாவுக்கு ஏற்பச் சற்றே திருத்தப்பட்டது. அதன் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியப் பெரும் முக்கோண அளவையின் தொடர்ச்சியாகத்தான் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த வடிவத்தைக் கணக்கிட்டார். பரங்கிமலையில் ஆரம்பித்த கணக்கு, பிறகு மலாயாவின் வரைபடங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது.

சிக்கல் என்னவென்றால், கெர்தாவ் எண்ணும் டபிள்யூஜிஎஸ் எண்ணும் ஒன்றில்லை. வடக்குப் பினாங்கில் இரண்டுக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், அதுவும் பெரும்பாலும் கிழக்கு மேற்காக. பழைய வரைபடத்தை வருடி எடுத்து, அதன்மேல் உங்கள் கைப்பேசித் தடத்தைப் போட்டால், ஒரு கால்பந்துத் திடலின் நீளத்துக்கு மேல் கோடு தள்ளி நிற்பது இதனால்தான்.

தோட்டத்துக் கோயிலைக் குறிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. பழைய படத்தில் கோயில் இருக்கும் இடத்தையும், நீங்கள் நேரில் நின்று எடுத்த புள்ளியையும் ஒப்பிடும்போது, "கோயில் இடம் மாறியிருக்கு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாறியது அளவையாக இருக்கலாம்.

அளவையைச் சரிசெய்வது எப்படி?

கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் அளவை எண் உண்டு. ஜிபிஎக்ஸ் தடத்துக்கு ஈபிஎஸ்ஜி 4326. கெர்தாவ் அளவையில் பாகைக் கணக்கில் இருக்கும் படத்துக்கு 4245. மீட்டர் கட்டம் போட்ட கெர்தாவ் படமாக இருந்தால் 3168. இன்றைய அதிகாரபூர்வ அளவையான ஜிடிஎம் 2000-இன் தீபகற்பக் கட்டத்துக்கு 3375. எந்தப் படம் எந்த அளவை என்பது படத்தின் ஓரக்குறிப்பில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'அடுக்கின் அளவையை அமை' என்ற கட்டளை எண்களை மாற்றாது. "இந்த எண்கள் இந்த அளவையில் எழுதப்பட்டவை" என்று பெயர்ப்பலகை மட்டும் மாட்டும். எண்களையே மாற்ற வேண்டுமென்றால் வேறு அளவையில் ஏற்றுமதி செய்து புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜிபிஎக்ஸ் தடத்துக்குக் கெர்தாவ் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

நில எல்லை என்று வரும்போது இன்னும் ஒரு படி கவனம் தேவை. மனை எல்லைகளைக் காட்டும் அளவைப் படங்களுக்கு மாநிலவாரியாகத் தனித் தொடக்கப் புள்ளி வைத்த காசினி முறை பயன்பட்டு வந்திருக்கிறது. அந்த எண்களை அப்படியே ஜிபிஎஸ் எண்ணோடு ஒப்பிட முடியாது. கைப்பேசித் தடம் இடத்தை அடையாளம் காட்ட உதவும். எல்லைக்கல் எங்கே என்று சொல்ல உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் வேண்டும்.

தப்பு வரைபடத்தின் மேலேயே இருக்கலாமா?

இருக்கலாம். செயற்கைக்கோள் படங்களும் தரையில் பொருத்தப்படும்போது சில மீட்டர் தள்ளிப் போவதுண்டு. மலைச்சரிவில் இது அதிகம். ஒரு படத்தோடு பொருந்தவில்லை என்றால் இன்னொரு நிறுவனத்தின் படத்தையும், ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் போட்டுப் பாருங்கள். ஒன்றோடு பொருந்தி இன்னொன்றோடு பொருந்தாவிட்டால், குற்றவாளி உங்கள் தடம் இல்லை.

சீனாவில் இது சட்டப்படியே நடக்கிறது. அங்கே பொது வரைபடங்கள் ஜிசிஜே 02 என்ற வேண்டுமென்றே திரிக்கப்பட்ட அளவையில் இருக்க வேண்டும். அதனால் ஷாங்காயில் எடுத்த ஜிபிஎஸ் தடம் அந்நாட்டுச் சாலை வரைபடத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளித் தெரியலாம்.

கோடு கிறுக்கல் மாதிரி இருக்கிறதா?

ஒரு இடத்தில் இடப்பக்கம், இன்னொரு இடத்தில் வலப்பக்கம் என்று கோடு அலைபாய்ந்தால், அது உண்மையிலேயே சமிக்ஞைக் கோளாறு. திறந்த வானத்தின் கீழ் ஒரு திறன்பேசி பொதுவாக 5 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைச் சொல்லும் என்கிறது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம். உயரமான கட்டடங்களில் சமிக்ஞை பட்டுத் திரும்பி வந்தால் இந்தத் துல்லியம் போய்விடும். ஜார்ஜ்டவுனில் கடைவீட்டு வரிசையின் கூரைக்கடியில், காக்கி லீமாவில் நடந்துபோனால் வானத்தில் பாதி மறைந்துவிடும். புக்கிட் பெண்டேரா காட்டுப் பாதையில் ஈர இலைகளும் அதே வேலையைச் செய்யும்.

நின்றுகொண்டே இருந்தாலும் கோடு வளரும். தைப்பூசத்தின்போது ரதத்தோடு தண்ணீர்மலைக்கு நடக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ரதம் ஒவ்வொரு பந்தலிலும் நிற்கும், தேங்காய் உடையும், நீங்களும் நிற்பீர்கள். கருவி மட்டும் நிற்காது. சில மீட்டர் அங்கே, சில மீட்டர் இங்கே என்று புள்ளிகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் அந்த இடம் நூல் சிக்கிய முடிச்சு மாதிரி தெரியும். நடந்த தூரமும் உண்மையைவிடக் கூடிவிடும். செயலியில் தானாக நிற்கும் வசதியைப் போட்டு வைத்தால் இது குறையும்.

நேர்கோடு போட்டு மூலையை வெட்டுகிறதா?

செபராங் பிறையின் வயல்வெளியில் வாய்க்கால் ஓரப் பாதைகள் செங்குத்தாகத் திரும்பும். உங்கள் கருவி 10 விநாடிக்கு ஒரு புள்ளி எடுக்கிறது என்று வையுங்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஏறக்குறைய 70 மீட்டர் இடைவெளி. அதற்குள் நீங்கள் மூலை திரும்பிவிடுவீர்கள். மென்பொருளுக்கு அது தெரியாது. இரண்டு புள்ளியையும் இணைத்து வயலின் குறுக்கே கோடு போட்டுவிடும். ஒரு விநாடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றினால் இது தீரும். பேட்டரி மட்டும் கொஞ்சம் கூடச் செலவாகும்.

கிலோமீட்டர் கணக்கில் நீண்ட நேர்கோடு வந்தால், நடுவில் பதிவே நின்றிருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பேட்டரி சேமிப்பு அமைப்பு, பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடுவது வழக்கம். பதிவுச் செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். தொலைந்த புள்ளிகள் திரும்ப வராது. ஆனால் இடைவெளியில் தடத்தை இரண்டு துண்டாகப் பிரித்தால், போகாத வழியில் போனதாகக் காட்டும் பொய்க்கோடு மறையும்.

தடமும் வழியும் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். தடம் என்பது நீங்கள் போனது. வழி என்பது மென்பொருள் "இப்படிப் போகலாம்" என்று கணக்குப் போட்டது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறித் தீவுக்குப் போன தடத்தை ஒரு மென்பொருளில் வழியாக மாற்றினால், ஃபெரியைத் தவிர்க்கும் அமைப்பு போட்டிருந்தால், அது உங்களைப் பினாங்குப் பாலம் வழியாகச் சுற்ற வைக்கும். நீங்கள் பாலத்தையே பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஞாயிறு காலை, சனி இரவு ஆனது எப்படி?

ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் யூடிசி கணக்கில் எழுதப்படும். மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஞாயிறு காலை 7 மணிக்குக் கிளம்பினால் கோப்பில் சனி இரவு 11 மணி என்று இருக்கும். இது தப்பு இல்லை. காட்டும்போது மென்பொருள் 8 மணியைக் கூட்ட வேண்டும். கேமரா படங்களைத் தடத்தோடு பொருத்தும்போது இதை மறந்தால், படங்கள் எல்லாம் தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய கருவி ஒன்று இருபது ஆண்டு பின்னால் தேதி காட்டுகிறதா? ஜிபிஎஸ் தன் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-இல் அப்படி நடந்தது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகள் அதற்குப்பின் 19 ஆண்டு 7 மாதத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பின்னால் போய்விட்டன. இடம் சரியாக இருக்கும், தேதி மட்டும் தப்பு. அந்தத் தடம் உங்கள் பட்டியலின் அடியில் போய்க் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

தட்டையான வயலில் மலை ஏறியதாகக் காட்டுகிறதா?

ஜிபிஎஸ்ஸுக்கு உயரம்தான் பலவீனம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலே மட்டுமே இருப்பதால், பக்கவாட்டு நிலையைவிட உயரத்தில் பிழை கூடும். சைக்கிள் ஓட்டும்போது அந்தப் பிழை ஏறி இறங்கும். செயலி அதையெல்லாம் 'ஏற்றம்' என்று கூட்டிச் சொல்லும்.

உயரம் மொத்தமாகவே குறைந்து தெரிந்தால் காரணம் வேறு. ஜிபிஎஸ் தரும் மூல உயரம் கணக்குப்போட்ட பூமி வடிவத்திலிருந்து அளக்கப்படுவது, கடல் மட்டத்திலிருந்து அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது 100 மீட்டரைத் தாண்டுகிறது, உலகிலேயே அங்கேதான் பள்ளம் அதிகம். திருத்தம் செய்யாத கருவி அந்தப் பக்கத்துக் கடற்கரைகளில் கடலுக்கு அடியில் நிற்பதாகவே சொல்லும்.

சில செயலிகள் கருவி சொன்ன உயரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த ரேடார் அளவீடு போன்ற தரவிலிருந்து உயரத்தை எடுத்துக்கொள்ளும். வயல்வெளிக்கு இது நல்லது. பாலத்துக்கு உதவாது. பினாங்குப் பாலத்தில் போனால், அடியில் இருக்கும் கடலின் உயரத்தைத்தான் அது காட்டும்.

எந்த வரிசையில் சோதிப்பது?

• மூலக் கோப்பைப் பிரதி எடுங்கள்.
• அதே கோப்பை இன்னொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோப்பில் குறை இல்லை.
• கோப்பை எழுத்தாகத் திறந்து முதல் சில புள்ளிகளைப் படியுங்கள். நம் பகுதிக்கு அட்சரேகை 5-இல், தீர்க்கரேகை 100-இல் தொடங்க வேண்டும்.
• தள்ளல் எல்லா இடத்திலும் ஒரே திசையில், ஒரே அளவில் இருந்தால் அளவையையும் வரைபடத்தையும் சந்தேகப்படுங்கள். இடத்துக்கு இடம் மாறினால் சமிக்ஞையைச் சந்தேகப்படுங்கள்.
• அப்போதும் சந்தேகம் என்றால், செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு சாலைச் சந்திப்பின் ஓரத்தில் சில நிமிடம் நின்று பதிவு செய்யுங்கள். எவ்வளவு தள்ளிப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சரியாகத் தெரிவதும் ஆபத்தாகலாம்

தடத்தைச் சரிசெய்த மகிழ்ச்சியில் உடனே பகிர்ந்துவிடாதீர்கள். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த உலக வெப்பவரைபடத்தில் ராணுவ முகாம்களின் இருப்பிடம் தெரிவது அம்பலமானது. முகாமுக்குள் ஓடிய வீரர்களின் தடங்களே அதைக் காட்டிக்கொடுத்தன. உங்கள் தடமும் தினமும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிகிறது. எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இல்லை என்பதும் அதில் இருக்கிறது. வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் அமைப்பை முதலில் போடுங்கள், பகிர்வது அதற்கப்புறம்.